விழுந்தது நான்தானே!

குருவிக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பா மறுபடியும் அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

அப்பா தையல்காரர். முன்னறையில்தான் மிஷின். சட்டை தைக்க வந்தவர் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க, அப்பா அளவெடுப்பதை விட்டுவிட்டுக் கதை சொன்னார்.

"அந்தப் பச்சைச் சட்டைப் பொண்ணு தள்ளின தள்ளுல, எங்க குருவி பறந்து போய் விழுந்தா. எழுந்திருக்கவே முடியல! ரெஃப்ரி கண்டுக்கவே இல்லைங்க. எங்க வீட்டுக் கோச் சும்மா விடுவாளா? 'உனக்குக் கண்ணு தெரியலையா?'ன்னு ஒரு சத்தம். மொத்த டீமையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டா!"

"சபாஷ்!" என்றார் வந்தவர், தூக்கிய கையை இறக்காமலே.

"குருவி, முட்டியைக் காட்டும்மா."

காட்டுவதற்கு முட்டியில் ஒன்றுமே இல்லை. காயம் எப்போதோ ஆறி, பொருக்கும் உதிர்ந்துவிட்டது.

"நான் உடனே எழுந்துட்டேன்ப்பா," என்றாள் குருவி. யார் காதிலும் விழவில்லை.

அந்தக் கோச் குருவியின் சித்தி. அம்மாவின் தங்கை. படிப்பு முடிந்த கையோடு தெருவிலுள்ள பெண்பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து அணி தொடங்கியவள். வீட்டில் அவள் சித்தி. மைதானத்தில் கோச். மறந்துபோய் அங்கே 'சித்தி' என்று கூப்பிட்டால், மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

பாதி ஆட்டத்தில் வெளியேறினால் அந்த வருடம் முழுக்கப் போட்டியில் ஆட முடியாது. விதி அப்படி. அதனால் சித்தி இப்போது கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நியாயத்துக்காக நின்னேன். தண்டனை எனக்கு," என்பாள்.

"பாவம்!" என்பாள் அம்மா.

குருவியை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அவளுக்கும்தான் ஆட்டம் போயிற்று!

"முட்டியைக் காட்டும்மா, மாமா பார்க்கணுமில்ல?" என்றார் அப்பா மீண்டும்.

"மாட்டேன்!" குருவி போட்ட சத்தத்தில் சித்தியே எழுந்து வெளியே வந்துவிட்டாள். "விழுந்தது நான்தானே? எழுந்ததும் நான்தானே? பந்து வெளிய போயிடுச்சு. எடுத்து எறிய ரெடியா நின்னேன். அப்ப எதுக்கு ஆட்டத்தை நிறுத்தினீங்க?"

"உனக்காகத்தானே நிறுத்தினேன்!" என்றாள் சித்தி.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சித்தியின் முகம் சிவந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவே?" என்று அம்மா திட்டினாள். உண்மையைச் சொன்னதற்குத் திட்டா? இது எந்த ஊர் நியாயம்?

மறுநாள் காலை குருவி பல் தேய்க்கும்போது சித்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நிஜமாவே எழுந்துட்டியா?"

"பந்து என் கையில இருந்துச்சு சித்தி."

"எனக்கு அது கண்ணுல படவே இல்லையே..."

'உங்களுக்குக் கண்ணு தெரியலையா?' என்று கேட்க நாக்கு துடித்தது. நல்ல வேளை, வாய் நிறையப் பற்பசை நுரை.

அன்று மாலை சித்தி அணியில் எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னாள். "அன்னிக்கு நான் செஞ்சது பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? பயப்படாம சொல்லுங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோச் இப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்டதே இல்லை.

"எங்கப்பா லீவு போட்டுட்டு ஆட்டம் பார்க்க வந்தாரு," என்றாள் நெட்டை. "பஸ் லேட்டு. வந்து உக்கார்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

"எனக்கு நிறுத்தினது நல்லதாப் போச்சு," என்றாள் கோல்கீப்பர். "பயத்துல வயித்தைக் கலக்கிட்டு இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். நடுநடுவே சித்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று குருவிக்குத் தெரியும்.

"தப்புப் பண்ணிட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும்," என்றாள் சித்தி கடைசியில். "இப்ப என்ன செய்யலாம்?"

குருவி யோசித்தாள். "போட்டியிலதானே ஆடக் கூடாது? சும்மா ஆடலாமே! பச்சை டீமை இங்க கூப்பிடுவோம். மிச்சமிருந்த பத்து நிமிஷத்தை ஆடி முடிப்போம்."

"ரெஃப்ரி?"

"அதே ரெஃப்ரிதான்!"

அப்படியானால் சித்தி முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த நடுவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்.

குருவியும் கூடப் போனாள். கடை முழுக்கக் கண்ணாடிகள் அவர்களையே முறைப்பதுபோல் இருந்தது.

"அன்னிக்கு உங்களைப் பார்த்துக் கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க சார்," என்றாள் சித்தி.

"கண்ணு தெரியலையான்னு கேட்டீங்க," என்றார் அவர், ஒரு கண்ணாடியைத் துடைத்தபடி. "கண்ணாடிக் கடைக்காரனைப் பார்த்து!"

குருவியால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விசிலோடு வந்தார்.

பச்சை அணியும் வந்தது. ஆனால் குருவியைத் தள்ளியதாக அப்பா சொன்ன ரெட்டைச்சடைக்காரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். குருவி அவளிடம் போனாள்.

"ஏன் கோபமா இருக்கே?"

"நான் தள்ளவே இல்ல! கால் வழுக்கி உன் மேல விழுந்தேன். ஊரே என்னை ரவுடிங்குது. என்னை யாராவது கேட்டாங்களா?"

குருவிக்குத் திக்கென்றது. தானும்தான் கேட்கவில்லை.

"கேக்காதது தப்புதான்," என்றாள். "எல்லார்கிட்டயும் நானே சொல்றேன். முதல்ல எங்கப்பாகிட்ட!"

ஓரமாக நின்றிருந்த அப்பா அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார்.

அன்று இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் நின்ற ஆட்டம் மீண்டும் தொடங்கியது. குருவி பந்தை எறிந்தாள், ஓடினாள், உதைத்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்த நிமிடமே ரெட்டைச்சடைக்காரி எதிர்ப்பக்கம் பாய்ந்து போய் கோல் போட்டுவிட்டாள்!

விசில் ஒலித்தது. தோற்றுவிட்டார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரட்டுமா?" என்று கேட்டாள் ரெட்டைச்சடைக்காரி, மூச்சு வாங்க.

சித்தி பதில் சொல்லப் போனாள். சட்டென்று நிறுத்தித் தன் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்றீங்க?"

"வரட்டும்!" முதல் குரல் குருவியுடையது. "ஆனா முழு ஆட்டம் ஆடணும்!"

தோற்றதில் அவளுக்கு மறுபடியும் கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனால் இந்தக் கோபம், பந்தை உதைக்க ரொம்பத் தோதான கோபம்.