மூடிய கையும் மூன்று மாத ஊசியும்

"கடைசி யாரு?"

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததுமே விஷ்னியா கேட்டுவிட்டாள். நோவி சாத் நகர ஆஸ்பத்திரியில் டோக்கனாவது ஒன்றாவது... கடைசி ஆள் கையைத் தூக்குவார், அவருக்குப் பின்னால் நாம். அவ்வளவுதான் வரிசை. மழையில் நனைந்த குடை ஒரு கையில், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விறைத்துப்போன அப்பா கோய்க்கோ மறு கையில். கோபம் மூக்குக்கு மேல்.

ஓரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒருவன் எழுந்தான். தேன் நிறக் கண்கள். நல்ல கண்கள்தான்... ஆனால் அவனுடைய வலது கை மடங்கி, இறுகிய முஷ்டியோடு நெஞ்சுக்கு நேராக ஏறியது.

"என்னங்க, வரிசை கேட்டா அடிக்க வருவீங்களா?"

"அடிக்கணும்னா இடது கையால அடிச்சிருப்பேன். இது பத்து மாசமா தெறக்கல. நான்தான் கடைசி."

அறையே சிரித்தது. விஷ்னியாவுக்கு முகம் கொதித்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், "அதை மொதல்லயே வாயால சொல்லித் தொலைக்கறதுதானே!" என்றுதான் வந்தது.

அவன் பெயர் ஓக்னியன். மெல்லிய மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் புரெக் விற்கிற கடைக்காரன். மாவை விரித்த உள்ளங்கைகளில் போட்டு, துணி மாதிரி மெல்லிசாக இழுத்தவனுக்கு முப்பத்தாறு வயதில் பக்கவாதம்... எல்லாம் அப்பா கேட்டு வாங்கிய விவரம். இருவருக்கும் ஒரே ஊசி. பொட்டாக்ஸ்! முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே மருந்து. இறுகிய தசையில் இறக்கினால் பத்து நாளில் தளரும், மூன்று மாதம் போலத் தாங்கும். அதற்குள் விரல்களை நீட்டி நீட்டிப் பழக்க வேண்டும். விட்டால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

மூன்று மாதமா... ஜூன் வரைக்கும் அந்தக் கண்களைப் பார்க்க முடியாதா? அப்படி நினைத்ததற்காக விஷ்னியா தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜூனில் வந்தான். "மே மாசம் பூரா கை தெறந்துச்சுங்க. ஒரு எலுமிச்சம்பழம் புடிச்சேன்!" என்று சிரித்தான். அவனுடைய ஷூ கயிறு அவிழ்ந்து கிடந்தது. கேட்காமலே குனிந்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "எழுந்திருங்க! நான் உங்க அப்பா இல்ல. பரிதாபத்த வேற எங்கயாவது போயிக் கொட்டுங்க."

"பரிதாபமா? தடுக்கி என் அப்பா மேல விழுந்துடக் கூடாதேன்னு கட்டுனேன். திமிரு புடிச்ச மனுஷன்!"

செப்டம்பரில் அவன் வரவில்லை. "புரெக்காரனா? அக்டோபர் கடைசிக்கு மாத்திக்கிட்டான்" என்றார் ஊன்றுகோல்காரர் ஒருவர். "இன்னிக்கு யாரோ ஒரு பொண்ணு வருமாம். அது மூஞ்சியில முழிக்க முடியாதாம்."

விஷ்னியாவுக்கு உச்சி வரை சுர்ரென்று ஏறியது. ஊசி போட்டுக்கொண்டு வந்த அப்பா அவளைப் பார்த்தார்.

"போம்மா. போயித் திட்டிட்டு வா. புடிக்காதவங்கள நீ என்னிக்குத் திட்டியிருக்கே?"

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் அவனுடைய புரெக் கடைக்குப் போனாள். கடைக்குள் வரிசை நின்றது. பழக்கதோஷத்தில் "கடைசி யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நேராக முன்னால் போய் நின்றாள்.

ஓக்னியனின் கை பழையபடி இறுகியிருந்தது. நகம் உள்ளங்கையில் பதிந்து, சுற்றிய துணியில் ரத்தக்கறை. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"தேதிய ஏன் மாத்துனீங்க? ஆறு மாசம் பட்ட பாடெல்லாம் ஆத்துல கரைச்ச புளியா?"

"என் கை... உங்களுக்கென்ன?"

சொல்லும்போதே அந்தக் கை மெல்ல மெல்ல நெஞ்சுக்கு ஏறியது.

"பாருங்க, கோவத்துல எப்படி ஏறுதுன்னு!"

"கோவமில்ல..." அவன் குரல் தணிந்தது. "கத்துனா ஏறும், கொட்டாவி விட்டா ஏறும். இப்பல்லாம் நீங்க வாசல்ல தெரிஞ்சாலே ஏறுது. அத்தன பேர் முன்னாடி இதை எப்படிங்க மறைப்பேன்? ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு உங்களுக்கு நான் என்னத்தத் தர முடியும்? அதான் வரல."

வரிசையில் ஒருவரும் புரெக் கேட்கவில்லை.

"ரெண்டு கையும் இருந்தவன் எவன் எனக்கு என்னத்தக் குடுத்தான்?" அவள் கத்தியே விட்டாள். "உன்னைப் புடிச்சிருக்கு, முட்டாளே! புடிக்காட்டி மழையில ஓடி வந்து தொண்டை கிழியக் கத்துவேனா? நாளைக்கே போயித் தேதிய மாத்துற. ஊசி போடறப்ப நான் பக்கத்துல நிப்பேன். ஷூவ நீயே கட்டிக்க!"

"முடிச்சு சரியா வராதே..."

"வரலேன்னா கேளு. வாயி தெறக்குதில்ல?"

அவன் சிரித்தான். கண்கள் நிறைந்திருந்தன. இறுகிய முஷ்டியை மறைக்காமல் நீட்டினான். அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

கதவு திறந்து, குடையை உதறியபடி யாரோ நுழைந்தார்கள்.

"கடைசி யாரு?"

"நான்தான்" என்று விஷ்னியா கையைத் தூக்கினாள். அவன் முஷ்டியும் அந்தக் கைக்குள்ளேயே மேலே வந்தது.