என்ஜினைக் கொன்றது யார்?

"ஐயோ... செத்துப் போச்சே! மறுபடியும் செத்துப் போச்சே!"

கோலா சுங்கை பாரு படகுத்துறையே அதிர்ந்தது.

மீன் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் பிணத்தைத் தேடினார்கள்.

பிணம் இல்லை!

படகின் பின்பக்கம் ஓர் என்ஜின் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தம் புதுசு. ஒரு வருஷ கேரண்டி. வாங்கியதிலிருந்து மூணாவது முறையாக உயிரை விட்டிருந்தது!

அலறியவள் சுசீலா. எப்படியோ கரை சேர்ந்து, மூச்சு வாங்க நின்றவன் அவள் புருஷன் தனபாலன். எஸ்டேட் கடைகளுக்குப் படகில் அரிசி ஏற்றிப் பிழைப்பவன்.

க்றீச்!

போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஊரே 'துவான்' என்று மரியாதையாக அழைக்கும் இன்ஸ்பெக்டர் காளிதாஸ் குதித்தார். கையில் விலங்கு!

"ஏன்யா தனபாலன்... உன் என்ஜின் எப்பவும் பாக்காவ் சதுப்புக் காட்டுக்கிட்ட வந்துதான் நிக்குமா?"

"அங்க அலை ஜாஸ்தி துவான். குலுங்குது... இருமுது... நின்னுடுது!"

"நிக்குதா... நிறுத்துறியா? காட்டுக்குள்ள இருக்கறவனுங்களுக்கு அரிசி இறக்கத்தானே?"

தனபாலன் கையெடுத்துக் கும்பிட்டான். மலாயா முழுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம்! காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போனதாகச் சந்தேகம் வந்தாலே போதும்... விசாரணை இல்லாமல் உள்ளே!

"சத்தியமா இல்ல துவான்! என்ஜின் நிஜமாவே கெட்டுப் போச்சு லா!"

"அதைக் கடைக்காரரே சொல்லட்டும்."

ஜீப்பிலிருந்து இறங்கினார் ராமையா. மலாக்கா டவுனில் என்ஜின் கடை முதலாளி. நெற்றி நிறைய நாமம். வாய் நிறைய வெற்றிலை.

"என்ஜின் சுத்தம் துவான். மூணு தடவையும் கடையில தண்ணி டிரம்முல மாட்டி ஓட்டிப் பார்த்தேன். பிச்சுக்கிட்டு ஓடுச்சு! கேரண்டிக்கு இங்க வேலையே இல்ல."

போச்சு!

என்ஜின் நல்ல என்ஜின் என்றால், தனபாலன் பொய்யன்! இன்ஸ்பெக்டர் விலங்கைத் திறந்தார்.

"நில்லுங்க துவான்!" சுசீலா குறுக்கே பாய்ந்தாள். "அதைப் பிரிச்சுப் பாருங்க! நல்லா இருந்துச்சுன்னா... என்னையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டுப் போங்க!"

"பிரிக்கக் கூடாது!" ராமையா பதறினார். "வேற ஆளு கை வெச்சா கேரண்டி போயிரும்!"

"இல்லாத கேரண்டி எப்படிய்யா போகும்?" என்றார் இன்ஸ்பெக்டர். "டேங்க்கைக் கழட்டு!"

பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

மேலே பெட்ரோல்.

அடியில்... தண்ணீர்!

தண்ணீரில்... ஒரு துளசி இலை!

"தண்ணி கலந்திருக்கு!" இன்ஸ்பெக்டர் கர்ஜித்தார். "அலையில டேங்க் குலுங்கினா தண்ணி குழாய்க்குள்ள ஏறும்... என்ஜின் நிக்கும்! இது நாசவேலை! யாரு பண்ணினது? நீதானேம்மா?"

சுசீலா சிரித்துவிட்டாள். அந்த நேரத்திலும்!

"நாங்க மாரியம்மன் கோயில் ஆளுங்க துவான். எங்க தீர்த்தத்துல வேப்பிலைதான் மிதக்கும். துளசின்னா..."

அவள் பார்வை மெதுவாக நகர்ந்து... ராமையாவின் நாமத்தில் போய் நின்றது.

இன்ஸ்பெக்டர் பார்வையும்!

மீன் கூடைக்காரர்கள் பார்வையும்!

ராமையா வெற்றிலையை விழுங்கினார்.

"அது... வந்து... துவான்... ஓட்டிப் பார்த்து முடிச்சதும், நல்ல வியாபாரம் ஆகணுமேன்னு ஒரு சின்ன பூஜை..."

"பூஜை பண்ணா தேங்காய் உடைக்கணும்! டேங்க்குக்குள்ள எதுக்குய்யா தீர்த்தம்?"

"மனுஷங்களுக்கு வாயில ஊத்தறோம் துவான். என்ஜினுக்கு வாயி அதுதானே! முதல்ல ஒரு கரண்டிதான் விட்டேன். நின்னுபோச்சுன்னு திரும்பி வந்துச்சு. பக்தி பத்தலையோன்னு பயந்து அரை செம்பு விட்டேன். மறுபடியும் வந்துச்சு..."

"விட்டது போதலைன்னு முழுச் செம்பா?"

ராமையா தலையாட்டினார்.

தனபாலனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சுசீலா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பிழைத்துவிட்டான்!

"புது என்ஜின் தந்துடறேன் தனபாலு! பைசா வேணாம்! துவான்... விலங்கை மட்டும் உள்ள வெச்சிருங்க!"

"அட போங்கய்யா..." இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேற யாரு என்ஜினுக்கெல்லாம் தீர்த்தம் கொடுத்தீங்க?"

ராமையா முகம் வெளுத்தது.

"காலையில... ஒண்ணே ஒண்ணு. பெரிய இடத்துச் சரக்காச்சேன்னு... ரெண்டு செம்பு."

"எந்தப் பெரிய இடம்?"

அதற்குள் கான்ஸ்டபிள் ஒருவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"துவான்! நம்ம புது போலீஸ் படகு பாக்காவ் காட்டுக்கிட்ட நின்னுபோச்சு! உள்ள வெள்ளைக்காரப் பெரிய துரை இருக்காரு!"

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு பாதியில் அறுந்தது. விலங்கு கையிலிருந்து நழுவி விழுந்தது. பரிதாபமாகத் திரும்பினார்.

"தனபாலு... தம்பி... உனக்குத் துடுப்புப் போடத் தெரியுமா?"

தனபாலன் லுங்கியை மடித்துக் கட்டினான்.

"முதலாளியோட கேரண்டியில நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான் லா, துவான்!"