கரையில் இறங்கிய சோறு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆத்தங்கரைத் தோட்டத்துச் சின்னக் கிராணி ஸ்ரீமான் சிவானந்தம் அவர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, தம் தகப்பனார், தர்மபத்தினி, புத்திரி, தம்பி மனைவி ஆகியோர் புடைசூழ, பெரிய துரையவர்களின் மோட்டார் படகில் ஏறி, சிலாங்கூர் ஆற்றுவழியே கோலா சிலாங்கூர்வரை சென்று, சரித்திரப் புகழும் கலாசாரச் சிறப்பும் வாய்ந்த இடங்களில் இறங்கிப் பார்வையிட்டுத் திரும்புவார்.

இப்படி ஓர் அறிவிப்பை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் தொழிலாளர் லயத்துக் குழாயடியிலும் ரப்பர்ப்பால் நிறுக்கும் கொட்டகையிலும் சிவானந்தமே போகிற போக்கில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். மலாயாவில் அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. இருட்டினால் ஊரடங்கு. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பிடி அரிசி போனால்கூட, அது காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று அர்த்தம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடுதான் போகவேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணி குடும்பத்தோடு படகில் உல்லாசமாகப் போகிறார் என்றால், துரை அவரை எவ்வளவு நம்புகிறார் என்பதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டாமா? பெரிய கிராணி நாற்காலி வேறு காலியாகப் போகிறது.

மதியச் சாப்பாடு கொண்டுபோகவும் துரை அனுமதி வாங்கித் தந்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. சோற்றைப் படகில் இருந்தபடியேதான் உண்ண வேண்டும். ஒரு பருக்கையும் கரையில் இறங்கக் கூடாது.

"மனுசன் எறங்கலாம், சோறு எறங்கக் கூடாதா?" என்றார் அப்பா காளியண்ணன்.

"சட்டம்ப்பா."

"சரி கிராணி."

அப்பா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓராண்டாகிறது.

படகை ஓட்டியவன் அர்ஜுனன். வாய் ஓயாதவன். காலை வெயிலில் ஆறு தேயிலைச் சாயம்போல் கிடந்தது. இரண்டு கரையிலும் நீப்பாப் பனையின் மட்டைகள் தண்ணீருக்குள் குனிந்து நின்றன. சிவானந்தம் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாகப் படகின் முனையில் நின்றார். கம்போங் குவாந்தானில் முதல் இறக்கம். ஆற்றோர மரம் ஒன்றைக் காட்டி, இதில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு எரியும் என்று விரிவுரை நிகழ்த்தினார்.

மகள் கோமளம் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "எங்கப்பா?"

"ராத்திரிதான் தெரியும்."

"ராத்திரி வரலாமா?"

"ஊரடங்கும்மா."

"அப்ப வெறும் மரத்தப் பாக்கவா வந்தோம்?" என்றாள் மனைவி புஷ்பவள்ளி. "இது நம்ம வீட்டுக்குப் பின்னாலயே நிக்குதே."

கோலா சிலாங்கூர் குன்றின்மேல் கலங்கரை விளக்கத்தையும் பழைய பீரங்கிகளையும் காட்டினார். சுல்தான்களின் வீரத்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு குரங்கு வந்து தொப்பியை எடுத்துக்கொண்டு மரமேறியது. சரித்திரம் அத்தோடு முடிந்தது.

தம்பி மனைவி கங்கா மட்டும் எதையும் பார்க்கவில்லை. டிபன் கேரியரை மடியில் அணைத்தபடி வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. இரண்டும் இருக்கவேண்டும் என்பது சிவானந்தத்தின் கட்டளை.

ஏனென்றால் அவர் தம்பி வீரன் சாகவில்லை. கணக்குப்படி சாகவில்லை.

நடந்தது இதுதான். வீரன் பால்மரம் வெட்டுகிறவன். பசி தாங்காதவன். போன வருஷம் ஒருநாள் இடுப்புத் துணியில் ஒரு கை சோற்றை முடிந்துகொண்டு வேலைக்குப் போனான். ரோந்துப்படை நிற்கச் சொன்னபோது, முடிச்சைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து ஓடினான். சுட்டுவிட்டார்கள். உடலை ஆற்றோரத்துப் பழைய படித்துறைக்குக் கொண்டுவந்து போட்டு, அடையாளம் காட்டக் கிராணியை வரச்சொன்னார்கள். சிவானந்தம் போனார். பார்த்தார். இடுப்பில் முடிச்சு அவிழாமலே இருந்தது.

"எங்க தோட்டத்து ஆள் இல்ல," என்றார்.

சோறு கடத்தினவனுடைய அண்ணன் எப்படிப் பெரிய கிராணி ஆவது? படித்துறைக்குப் பின்னால் பெயரில்லாமல் புதைத்தார்கள். வீரன் சொல்லாமல் கொள்ளாமல் சயாமுக்கு ஓடிவிட்டதாகத் தோட்டத்தில் சொல்லிவைத்தார். படித்துறையில் புதைத்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்; லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் மறுத்துப் பேசவும் இல்லை. சயாமுக்குப் போனவனின் மனைவி பொட்டை அழிக்க முடியாதல்லவா?

திரும்பும் வழியில் அர்ஜுனன் இயந்திரத்தை அணைத்தான்.

"தண்ணி வத்திருச்சு ஐயா. தரை தட்டும். இங்க கட்டிட்டு, நீரு ஏறுனதும் போவோம்."

சிவானந்தம் நிமிர்ந்தார். பாசி படிந்த பலகைகள். சாய்ந்த கம்பம். அந்தப் படித்துறைதான்.

"இங்க வேணாம். தள்ளிப் போய்க் கட்டு."

"ஆத்துக்கு உத்தரவு போட முடியாது லா."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மின்மினி மரத்துக்கும் பீரங்கிக்கும் இவர்கள் வாயைத் திறக்காமல் வந்தது இதற்காகத்தான். அவர் தம் பெருமைக்காக ஏற்பாடு செய்த ஊர்வலத்தில் குடும்பம் வேறொரு காரியமாக வந்திருந்தது.

கங்கா இறங்கினாள். கரையில் வாழையிலையை விரித்தாள். டிபன் கேரியரின் அடித்தட்டில் இருந்ததெல்லாம் இலைக்கு வந்தது. சோறு, கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய்.

"எடு அத," என்றார் சிவானந்தம். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "யாராச்சும் பாத்தா என்ன ஆவும் தெரியுமா?"

"அத்தான், அவரு பசியோட போனவரு," என்றாள் கங்கா. "ஒரு வாட்டி சாப்புடட்டும். அப்புறம் இதக் கழட்டிருவேன்." தாலியைத் தொட்டுக் காட்டினாள். "உங்களால ஆவ வேண்டியது ஒண்ணுதான். அவரு பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

"நானா?"

"இல்லன்னு சொன்ன வாய்தானே. அதே வாயால கூப்புடு," என்றார் அப்பா.

அப்பா காக்கையை அழைத்தார். கா, கா என்று நீளமாக. கோலா சிலாங்கூர் மீன் சந்தையில் காலையில் ஊர்ப்பட்ட காக்கைகள் இருந்தன. இங்கே ஒன்றுகூட இல்லை. மீன்கொத்தி இல்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை. நடுப்பகல் வெயிலில் அந்த இடம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு வாடை வந்தது. இரண்டு மூன்று நாள் வாளியில் கிடந்து புளித்த ரப்பர்ப்பாலின் வாடை. பக்கத்தில் மரமே இல்லை.

"சித்தப்பா வாடை அடிக்குதும்மா," என்றாள் கோமளம், அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து.

நீப்பா மட்டைகள் ஒருமுறை அசைந்தன. காற்று இல்லை.

"கூப்புடுங்க," என்றாள் கங்கா.

சிவானந்தம் வாயைத் திறந்தார். 'வீரா' என்பது சின்னச் சொல். சின்ன வயதில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிட்டிருப்பார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொல்லியிருப்பார். அப்படித்தான் பிறகு தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார், சொல்லத்தான் இருந்தேன் என்று.

ஆற்று வளைவில் ரோந்துப் படகின் சத்தம் கேட்டது.

படகு நெருங்கியது. துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்கார அதிகாரி. கூடவே ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள். அதிகாரி கரையிலிருந்த இலையை விரலால் காட்டினான்.

"யாருக்குய்யா சோறு?" என்று கேட்டான் கான்ஸ்டபிள்.

கங்கா சிவானந்தத்தைப் பார்த்தாள். அப்பா பார்த்தார். செத்தவனுக்குப் படையல், என் தம்பிக்கு என்று ஒரு வரி சொன்னால் போதும். கான்ஸ்டபிளுக்கும் வீட்டில் செத்தவர்கள் இருப்பார்கள். அவனுக்குப் புரிந்திருக்கும்.

"எனக்குத்தான்," என்றார் சிவானந்தம். சிரிக்கவும் செய்தார். "படகுல ஆட்டமா இருந்திச்சு. அதான் எறங்கி ஒக்காந்து சாப்புடலாம்னு."

இலைமுன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டையில் சேறு அப்பியது. காக்கை தொடாத படையலில் கை வைத்தார்.

கங்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் கவளம் ஐஸ்போல் இருந்தது. இரண்டாவதில் ஆற்றுச்சேறு மணத்தது. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தான். எனவே சிவானந்தம் நன்றாக மென்றார், ருசித்துத் தலையாட்டினார், விரலைக்கூடச் சப்பினார். துரை நம்பும் கிராணி எப்படிச் சாப்பிடுவாரோ அப்படிச் சாப்பிட்டார்.

அப்போதுதான் கவனித்தார்.

இலையின் எதிர்ப்பக்கத்திலும் சோறு குறைந்துகொண்டு வந்தது.

அந்தப் பக்கம் அவர் கை வைக்கவே இல்லை.

குழம்பு ஓடிய இடத்தில் விரல்கள் வழித்த தடம். ஒரு தடம் அவரை நோக்கி. இன்னொன்று அவருக்கு எதிரே, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவரை நோக்கி.

புளித்த பால்வாடை அவர் முகத்துக்கு நேராக மூச்சு விட்டது.

கருவாட்டுத் துண்டை எடுக்கப் போனார். சில்லென்ற விரல்கள் அவர் விரல்மேல் பட்டன.

கையை இழுக்கவில்லை. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தானே.

"நல்ல பசி போல," என்றான் கான்ஸ்டபிள். அதிகாரி ஏதோ சொல்லிச் சிரித்தான். படகு போய்விட்டது.

இலையில் ஒரு பருக்கை இல்லை. கங்கா எழுந்தாள். தாலியைத் தானே கழற்றி ஆற்றில் விட்டாள். சிவானந்தம் தடுக்க எழவில்லை. அவர் மடியில் சிந்தியிருந்த பருக்கைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். அதைச் செய்கிறோம் என்பதே புஷ்பவள்ளி கையைத் தட்டிவிட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா சாப்ட்டுட்டுப் போயிருப்பான்," என்றார் அப்பா. "இப்ப அவன் பங்க நீ தின்னுட்ட. உங்கிட்டதானே கேப்பான், கிராணி?"

நீர் ஏறியது. படகு கிளம்பியது. வீடு வந்து சேரும்வரை சிவானந்தம் கரையைப் பார்க்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோமளம் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அழுதாள். அவர் பக்கத்துப் பலகை காலியாகத்தான் இருந்தது. ஆனால் படகு அந்தப் பக்கமாகவே சாய்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் தட்டில் சோறு போட்டுவிட்டுக் குழம்பு எடுக்கத் திரும்பினாள் புஷ்பவள்ளி. மறுபடி பார்த்தால் தட்டு காலி.

"இப்பத்தானேங்க போட்டேன்?"

"பசிக்குது."

இரண்டாம் முறை அவள் நின்று பார்த்தாள். கணவர் தட்டின் ஒரு பாதியிலிருந்துதான் சாப்பிட்டார். மறுபாதியை அவர் தொடவில்லை. முன்பக்கம் லேசாகத் தள்ளி, யாருக்கோ இடம் விட்டதுபோல் வைத்திருந்தார். அந்தப் பாதிதான் முதலில் தீர்ந்தது.

வாரம் போகப் போகச் சட்டையின் கழுத்து தொளதொளத்தது. கன்னம் ஒட்டியது. எவ்வளவு தின்றாலும் எழுந்திருக்கும்போது வயிறு காந்தியது. பங்கீட்டு அரிசி பத்தவில்லை. புஷ்பவள்ளியும் கங்காவும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் தின்றார். தின்னும்போது வெட்கத்தில் கண்ணீர் வழிந்தது, கை மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் மதியம் துணிந்தார். வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். சொல்லிவிடுவது, எல்லார் முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவது என்று தட்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

"கங்கா, சோறு போடு புள்ள."

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது.

அது சிவானந்தத்தின் குரல் இல்லை. அவர் தம்பி மனைவியை ஒருநாளும் 'புள்ள' என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான் அந்த வீட்டில் இருந்தான்.

அப்பா மெல்ல எழுந்து வந்தார். மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஓராண்டுக்குப் பிறகு அவர் கையைப் பிடித்தார்.

"வாப்பா வீரா," என்றார்.

கங்கா பானையோடு வந்து தட்டை நிறைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, எதிரே இன்னொரு தட்டு வைத்து அதையும் நிறைத்தாள். இரண்டும் காலியாயின.

மறுநாள் சிவானந்தம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். டிரெஸ்ஸர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார்.