வாயால் ஊதிய மரம்

மரச்சிற்பத்தின் கண்குழியில் சேர்ந்த தூளைக் கணவர் ஊதினார். தூள் எழும்பியது, ஜன்னலெல்லாம் சாத்திய பட்டறையில் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது, பிறகு அவர் முகத்திலேயே வந்து விழுந்தது.

"என்னங்க, எதிர்க்காத்தா?" என்றாள் சிற்பி, உளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மழைக்குப் பயந்து எல்லாத்தையும் நீதானே சாத்தின. ஏது காத்து?" அவர் இருமினார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் வேலை செய்யும் விதம் இதுதான். அவள் இரண்டு கையாலும் செதுக்குவாள். அவர் பக்கத்தில் குனிந்து ஊதிக்கொண்டே இருப்பார். கடற்கரையில் ஒதுங்கிய இந்த இரண்டு அடிமரங்களைக் கொண்டுவந்து இறக்கி, சிற்பம் செய்யச் சொன்ன மண்டபத்துக்காரர், வாயால் மட்டும் ஊதாதீர்கள், பிரஷ்ஷால் தட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார். அவருக்கு இரண்டு கதைகள் ஒரே சிற்பத்தில் வேண்டும். நியூசிலாந்துப் பழங்குடிகளின் மாவோரிக் கதையில் வானத் தகப்பனும் பூமித் தாயும் இறுகத் தழுவிக் கிடக்க, நடுவே பிள்ளைகள் இருட்டில் நசுங்குவார்கள். ஒரு மகன் மல்லாந்து படுத்துக் காலால் உந்தி இருவரையும் பிரிப்பான். வட ஐரோப்பாவின் நார்ஸ் கதையில், கரையில் கிடந்த இரண்டு கட்டைகளுக்குத் தெய்வங்கள் மூச்சுக் கொடுத்து மனிதராக்கும்.

"மூச்சு வாங்கி எந்திரிச்சா, முதல்ல பாத்திரத்தைத் தேய்க்கச் சொல்லு" என்று அன்றைக்குக் கணவர் சிரித்தார்.

இப்போது மேடையில் தாய் மல்லாந்து கிடந்தாள். அளவு பார்ப்பதற்காகத் தகப்பனைச் சங்கிலியில் மேலே தொங்கவிட்டிருந்தாள். நடுவில் வரவேண்டிய பிள்ளைகளை இன்னும் தொடவே இல்லை.

மழை ஓய்ந்த பிறகும் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. நீளமான, நிதானமான, ஈர மரத்தின் உப்பு வாடையை அறையெங்கும் தள்ளித் தள்ளி இழுக்கும் ஒரு இரைச்சல். அவருடைய இழுப்பு என்று நினைத்துத் திரும்பினாள். அவர் தரையில் சரிந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மூச்சு... பத்தலம்மா."

அவர் விட்ட மூச்சில் மரத்தாயின் மார்பு உயர்ந்தது. அது இறங்கியபோது அவருக்கு மூச்சு எதுவும் திரும்பவில்லை.

கதவைத் திறக்க ஓடினாள். ஈரத்தில் உப்பிய பலகை அசையவில்லை. ஜன்னல்களும் அப்படியே. கத்திப் பார்த்தாள். தெருவிலிருந்து யாரும் வரவில்லை.

"குடுத்துடு. அவரோடது, குடுத்துடு."

இரண்டு மரங்களுக்கும் நடுவில் நுழைந்து, தான் செதுக்கிய தாயின் வாயில் வாய் வைத்து உறிஞ்சினாள். உப்பு. மரப்பால். அதற்கு அடியில், அவர் எப்போதும் மெல்லும் கிராம்பின் வாசனை. வாயை மூடிக்கொண்டு தவழ்ந்து போய் அவர் வாய்க்குள் விட்டாள். அவர் கண் திறந்தது.

"இன்னும்..." என்றார்.

மறுபடி நுழைந்தாள். வாய் கொள்ளுமட்டும் உறிஞ்சினாள். தலைக்கு மேல் சங்கிலி முனகியது.

கைகள் அவள் முதுகைச் சுற்றின. எந்த மரத்துக்கும் அவள் இன்னும் கைகளே செதுக்கியிருக்கவில்லை.

மேலே தொங்கிய தகப்பன் அவள்மேல் இறங்கினான். இருட்டு.

புரண்டு மல்லாந்தாள். காலால் உந்தினாள். தகப்பன் நகரவில்லை. உந்தினாள். முழங்கால் மடங்கி நெஞ்சில் அழுந்தியது. வெளியே அவருடைய இழுப்பு மெலிந்துகொண்டே போனது.

வாய் நிறைய அவர் மூச்சு. விட்டால் மரம் வாங்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஒன்றல்ல. சொரசொரவென்று சின்னச் சின்ன விரல்கள் அவள் கன்னத்தில் ஊர்ந்து, உதட்டைக் கண்டுபிடித்து, பிரிக்கத் தொடங்கின.