மாடியில் குறைந்த நான்கு அடி

வெளியே நாற்பத்திரண்டு அடி, உள்ளே முப்பத்தெட்டு. மூன்றாம் முறையும் டேப்பை இழுத்து அளந்துவிட்டாள் கட்டடப் பொறியாளர். பாதிரியார்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து காலியான அந்தக் குருமனையின் மாடிக் கூடத்தில் நான்கு அடி எங்கேயோ காணாமல் போயிருந்தது. அடுத்த மாதம் பிள்ளைகள் விடுதியாகப் போகிற வீடு. பயமில்லாமல் குடியிருக்கலாம் என்று கையெழுத்துப் போடவேண்டியவள் அவள்தான்.

“பசி தாங்காம பாதிரியாரே சுவத்தத் தின்னுட்டாரோ என்னவோ,” என்று சிரித்தான் கூட வந்திருந்த அண்ணன். கொத்து மேஸ்திரி. கூடத்தின் கோடிச் சுவரை விரலால் தட்டினான். சிரிப்பு நின்றது.

“உள்ள வெறுமையா இருக்கு. வெளிச்சுவத்துல ஜன்னல் இருந்திருக்கும், பூசி மூடியிருப்பாங்க. நான் வெளிய ஏணி போட்டுப் பாக்குறேன்.”

அவன் இறங்கிப் போனான். வளைவு வளைவாக ஓடிய உயரமான கூரையில் மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்க, ஊறிப்போன சுண்ணாம்பு வாடைக்கு நடுவே, இப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை கோடிச் சுவரிலிருந்து மெல்லக் கசிந்தது; கூடவே, சுவருக்கு அப்பால், பிரசங்கத்தை மனப்பாடம் செய்கிறவரைப் போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் யாரோ நடந்து நடந்து திரும்புகிற சத்தம்.

செல்போன் அடித்தது. அண்ணன்.

“ஜன்னல் இருக்கு. அதான் நீயே திறந்துட்டியே, அப்புறம் நான் எதுக்கு?”

“நான் எங்கண்ணா திறந்தேன்? சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறேன்.”

“விளையாடாத. கைய நீட்டுற பாரு. இரு, ஏணி ஆடுது, உன் கையப் பிடிச்சுக்கிறேன்.”

“அது நான் இல்ல! பிடிக்காத அண்ணா!”

செல்போன் தொடர்பு அறுந்தது. சுவருக்கு அப்பால் நடையும் நின்றது. கனமான எதையோ தரையில் இழுக்கிற ஓசை.

ஓடினாள். படிகள். வாசல். பக்கவாட்டு முற்றம்.

மூங்கில் ஏணி சாய்ந்தபடி நின்றது. அதன் உச்சியில் ஜன்னல் இல்லை. கீறல்கூட விழாத பழைய பூச்சு. கீழே, அண்ணன் கழற்றிப் போட்ட செருப்புகள்.

“அண்ணா!”

ஏணியின் மேல்படி கிறீச்சிட்டு வளைந்தது. ஏணியில் யாருமில்லை.

அடுத்த படி.

அதற்கடுத்தது.

கடைசிப் படியும் வளைந்து நிமிர்ந்தது. செருப்புகள் இரண்டும், ஒன்றன்பின் ஒன்றாக, அவள் பக்கம் திரும்பின.