முப்பது பேரும் மேலேயே இருக்கட்டும்

பள்ளி பஸ் ஓட்டுகிறவளுக்கு முதுகிலும் காது உண்டு. கிள்ளானில் பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டும் சீதாலெட்சுமி பின்னால் திரும்பிப் பார்த்ததே இல்லை. யார் ஜன்னலைத் திறக்கிறார்கள், யார் எழுந்து நிற்கிறார்கள், இன்றைக்கு எத்தனை தலை குறைவு என்பதெல்லாம் கண் சாலையில் இருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தப் புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, வீட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துப் போட்ட மேசை முன் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு, முதுகுக்குப் பின்னால் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் பிசகில்லாமல் கேட்டது.

சாதாரணமாக விழுங்குவது இல்லை. விமானம் கீழே இறங்கும்போது அடைத்துப்போன காதைத் திறக்க, வாயை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்குவார்களே, அது.

காட்டுத்தீயின் புகைமூட்டத்துக்கு அது மூன்றாவது நாள். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், பஸ் கீழே நின்றது. பதினான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஊர் என்று ஒன்று இல்லை. துவைக்காத வேட்டியைக் கண்ணாடியின் மேல் ஒட்டிவைத்த மாதிரி ஒரு மங்கல், மூடிய ஜன்னலையும் மீறி உள்ளே வந்து தொண்டையில் உட்காரும் கரிந்த மண்ணின் வாடை, மதியத்திலேயே போட வேண்டியிருந்த குழல்விளக்கின் ரீங்காரம். படுக்கையறையில் கணவர் குகன், துறைமுகத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

மேசைமேல் இருந்த, கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரை அவள் வாங்கியதே ரோஷத்தில்தான். குகனின் தம்பி சிவநேசன் விமான மெக்கானிக். ஒரு பிறந்தநாள் சாப்பாட்டில், இருபது பேர் முன்னால் வாயைக் கொடுத்தான்.

“பஸ்ஸுன்னா ரோடு தெரியும்லா, அண்ணி. மேகத்துல ஒண்ணும் தெரியாது. முள்ளை மட்டும் நம்பி எறக்கணும். உங்களுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது.”

“தீபாவளிக்கு வீட்டுக்கு வா, தம்பி. எறக்கிக் காட்டுறேன். அப்புறம் பேசு.”

ஆனாலும் அவனேதான் சொல்லிக்கொடுத்தான். திரையில் இரண்டு முட்கள். ஒன்று இடம் வலம் சொல்லும், இன்னொன்று மேல் கீழ் சொல்லும். இரண்டும் நடுவில் சிலுவையாக நின்றால் பாதை சரி. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு முட்களை மட்டும் பார்க்க வேண்டும். இருநூறு அடிக்கு வந்ததும் இயந்திரக் குரல் ‘மினிமம்ஸ்’ என்று சொல்லும். அப்போதுதான் தலையைத் தூக்கலாம். ஓடுதளம் தெரிந்தால் இறக்கு. தெரியாவிட்டால் எஞ்சின் விசையை முழுக்கத் தள்ளி மேலே ஏறிப் போய்விடு. நடுவில் உடம்பு ஏதேதோ சொல்லும், சாய்கிறோம், விழுகிறோம் என்று. கேட்கக் கூடாது. இது சீதாலெட்சுமிக்குப் பிடித்துப்போயிற்று. உன்னால் ஆகாது என்று யார் யாரோ சொன்னதைக் கேட்காமலேயே ஐம்பத்து மூன்று வயதுக்கு வந்தவள் அவள்.

கணினி, கைப்பிடி, விசை எல்லாம் பழையதுதான். டெங்கிலில் பாக்கியம் என்ற அம்மாவிடமிருந்து வாங்கியது. அவள் கணவர் கிளாரன்ஸ் இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. கிளாரன்ஸ் பாதியில் விட்ட பயணம் ஒன்று கணினியில் அப்படியே இருந்தது. அன்று காலையில்தான் அதன் பதிவைப் பார்த்தாள். நானூற்றுப் பதினோரு முறை ஓடுதளத்தை நோக்கி இறங்கியிருக்கிறார். முதல் முறை தரையிறக்கம். மற்ற நானூற்றுப் பத்து முறையும் கடைசி நிமிடத்தில் மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் ஒரே விமானம், ஒரே ஓடுதளம். அது சுபாங் விமான நிலையமும் இல்லை, சிப்பாங் விமான நிலையமும் இல்லை. ஓடுதளத்துக்குப் பெயரே இல்லை.

“பயந்தாங்கொள்ளி அண்ணனா இருந்திருக்கீங்க,” என்று செத்தவரிடம் சொன்னாள். “நான் எறக்குறேன், பாருங்க.”

அந்தப் பயணத்தைத் திறந்தாள். மூவாயிரம் அடி. மேகம். முட்கள் தாமாகவே நடுவுக்கு வந்து நின்றன.

அப்போதுதான் அந்த விழுங்கல்.

ஃபிரிட்ஜாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாயிரம் அடியில் தொண்டையைக் கனைக்கிற ஒரு சத்தம், அதற்கும் பின்னால் பையின் ஜிப்பை மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பிவிடாத கரிசனத்தோடு இழுக்கிற சத்தம், அப்புறம் தைலமும் நனைந்த துணியும் நெடுநேரம் மூடிக்கிடந்த மனிதச் சூடும் கலந்து, நீண்ட பயணத்தில் எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிற அந்த வாடை அவள் பிடரியில் வந்து படிந்தது. காது தானாக எண்ணத் தொடங்கியது. முப்பது. அதில் இரண்டு சின்னது. கால் தரைக்கு எட்டாமல், முன் இருக்கையைத் தட் தட் என்று உதைத்துக்கொண்டிருந்தது.

உடம்பு பொய் சொல்லும். முள்ளைப் பார்.

ஐந்நூறு அடி. நானூறு. முந்நூறு.

“மினிமம்ஸ்.”

தலையைத் தூக்கினாள். மேகம் கிழிந்தது. இரண்டு வரிசை விளக்குகள். நடுவில் இருந்தது ஓடுதளம் இல்லை, ஒரு நடைபாதை. இருபுறமும் கதவுகள், செருப்புத் தட்டுகள், எதிர்வீட்டுக்காரியின் துளசித் தொட்டி. பதினான்காவது மாடி நடைபாதை. அதன் கடைசியில், அவள் வீட்டு இரும்புக் கிரில் கதவு.

பின்னால் ஒரு பெல்ட் கழன்றது. இன்னொன்று. பிறகு மொத்தமாக, மழை பிடித்த மாதிரி. பள்ளி வாசல் தெரிந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்களே, அந்த அவசரம்.

கை முந்திக்கொண்டது. விசையைத் தள்ளினாள். விமானம் ஏறியது. முப்பது பேரும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்கள். அவள் கழுத்து முடி அசைந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். சோபா. மடிக்காத துணிகள். சாமி படங்கள். யாருமே இல்லை. மீண்டும் திரைக்கு வந்தபோது ஏறிய விமானம் எண்ணூறு அடிக்கு இறங்கியிருந்தது, மூக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பினால் இறங்கும். அவ்வளவுதான் விதி. விளங்கிவிட்டது.

ஒரு கையால் பிடியை இழுத்துக்கொண்டே, மறுகையால் டெங்கிலுக்குப் போன் போட்டு, மேசையில் ஒலிபெருக்கியில் வைத்தாள். பாக்கியம் எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை. அந்தப் பழைய பயணத்தைத் திறந்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். அவர் போன அன்றைக்கே திரை தானாக அணைந்து, விமானம் நடுவானிலேயே நின்றுவிட்டதாம். எல்லாம் முடிந்தது என்று பாதிதான் நம்பினாளாம்.

“முதல் தடவை எறக்கினாரே, அன்னைக்கு என்னக்கா ஆச்சு?”

“வீட்டுல நாலு பேரா இருந்தோம்மா. நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப கிரில் தொறந்து கெடந்துச்சு. அவரு மட்டும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அழுதுகிட்டு இருந்தாரு. பொண்ணுங்க ரெண்டு பேரும் இல்ல. எறக்குறப்ப பின்னாடி இருவத்தெட்டு பேருன்னு சொன்னாரு. அப்புறம் முப்பதுன்னாரு.”

தட். தட். சின்னக் கால்கள்.

கணினியை அணைத்துவிட்டால் என்ன என்று கேட்டாள் சீதாலெட்சுமி. எஞ்சினை அணைத்தால் வண்டி வந்து சேர்ந்துவிட்டது என்றுதானே இறங்குவார்கள் என்றாள் பாக்கியம்.

“எறக்கினா உங்க பொண்ணுங்களும் வந்துடுவாங்கதானே?”

“எறங்குவாங்க. ஆனா யாரும் வெறுங்கையோட வண்டிக்குத் திரும்ப மாட்டாங்க, ஆளைக் கூட்டிக்கிட்டுத்தான் போவாங்க. என் பொண்ணுங்களும்தான்.” பிறகு, ரொம்பத் தணிந்த குரலில், “பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவங்களா பாத்துத்தான் குடுத்தேன், சீதா. கோவிச்சுக்காதீங்க.”

கோபம் வந்தது. ஆனால் பாக்கியத்தின் மேல் இல்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் தூங்குகிறார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவர். அவரை இவர்கள் தொடுவதா?

முட்கள் மறுபடியும் நடுவுக்கு வந்துவிட்டன. எவ்வளவு உயரம் போனாலும் பத்து நிமிடத்தில் மூக்கு தானாகச் சாய்ந்தது. நடைபாதை வந்து நின்றது. பெல்ட்டுகள் கழன்றன. யாரோ எழுந்து, ஓர் அடி முன்னால் வைத்தார்கள்.

சீதாலெட்சுமி விசையைத் தள்ளிக்கொண்டே, பஸ்ஸில் மட்டும் வருகிற அந்தக் குரலை எடுத்தாள்.

“உட்காருங்க. எல்லாரும். என் வண்டி இது. நான் கதவைத் தொறந்தாதான் எறங்கணும். நான் தொறக்கப் போறதில்ல.”

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பெல்ட்டுகள் மாட்டப்பட்டன. உதைத்துக்கொண்டிருந்த கால்கள்கூட நின்றன.

அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானூற்றுப் பத்து முறை மேலே ஏற்றிய அந்த மனிதரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அவர் நானூறு என்றால் நான் நாலாயிரம். வாங்க, பார்ப்போம்.

மூன்று மணி. மூன்றே முக்கால். தொப்பி வேர்வையில் ஊறியது. பிடியைப் பற்றிய விரல்கள் மரத்துப்போயின. இறங்கும்; ஏற்றுவாள். எழுவார்கள்; அதட்டுவாள். உட்காருவார்கள். ஒன்பது முறை. பத்து. ஜன்னல் ஓரத்தில் பகலின் மங்கல் இன்னும் தடித்தது. வாடை தடித்தது. அவர்கள் காத்திருந்தார்கள். அவளும் அசரவில்லை.

பதினோராவது முறை, நானூறு அடியில், படுக்கையறைக் கதவு திறந்தது.

குகனின் செருப்புச் சத்தம். இரண்டு அடி. நின்றது.

“சீதா,” என்றார், தூக்கம் கலையாத குரலில். “யாரு இவங்கல்லாம்?”

திரும்ப முடியாது. முந்நூற்றைம்பது.

“உள்ள போங்க. கதவைச் சாத்திக்குங்க.”

“வீட்டுக்கு வந்தவங்களை விட்டுட்டு எப்படிப் போறது?” எப்போதும் அப்படித்தான் அவர், யார் வந்தாலும் முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மனிதர். “தள்ளி உக்காந்து எடம் குடுக்கிறாங்க பாரு, பாவம். ரெண்டு சின்னப் பிள்ளைங்க என் கையப் புடிச்சு இழுக்குதுங்க.”

முந்நூறு.

அவர்களை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டில் இருப்பவர் ஏறிக்கொள்வதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

“உட்காராதீங்க.”

“பரவால்லம்மா, நான் நிக்கிறேன்,” என்று அவர் யாருக்கோ சொன்னார். பிறகு, வெட்கப்பட்ட மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு.

“என்னங்க, உட்காராதீங்க.”

“மினிமம்ஸ்.”

விளக்குகள். நடைபாதை. கிரில். இறக்கினால் அவரும் இறங்குவார். அவரோடு எல்லாரும். பதினான்காவது மாடியில் மூடிய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை வீடு, எத்தனை மதியத் தூக்கம்.

பல்லைக் கடித்தாள். மரத்துப்போன கையால் விசையைக் கடைசிவரை தள்ளினாள்.

விமானம் ஏறியது. அவள் முதுகுக்குப் பின்னால், நாற்காலி எதுவுமே இல்லாத இடத்தில், குகன் மெதுவாகச் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.