கருநீல வண்டிக்கு ஒரு பூச்சு

“வேணாம் மேடம்...”

மெல்லிய குரல்தான். ஆனாலும் ஜானட்டின் கையிலிருந்த பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

திருவொற்றியூர் கார் ஷோரூமின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மழை. விற்பனைப் பெண் மலிகா கால் மணி நேரமாக மூச்சு விடாமல் பேசிவிட்டு, இப்போதுதான் ஏதோ காகிதம் எடுக்க உள்ளே போயிருந்தாள். “உங்களுக்கு ராயபுரம்... உப்புக் காத்து, கன்டெய்னர் டிரெய்லருங்க கிளப்புற தூசி. பெயின்ட் மேல நம்ம கோட்டிங் போட்டுட்டா அஞ்சு வருஷம் கவலையே இல்ல மேடம்!” அந்தப் பேச்சு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஜானட் திரும்பினாள். வண்டி கழுவும் இளைஞன் ஒருவன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நனைந்த சட்டை, கையில் ஈரத்துணி. சட்டையில் ‘வெற்றி’ என்று பெயர் தைத்திருந்தது. கண்கள் மட்டும்... மழை விட்ட பிறகு தெருவில் தேங்கிய நீர்போல, அசையாமல்.

“ஏன் வேணாம்?”

“பூசுறதே நான்தான். நல்லா கழுவி, ஒட்டிகினு கீற தூசியெல்லாம் எடுத்துட்டு, ஒரு நாள் பூரா வேல பாத்துப் பூசணும். இங்க ஒரு மணி நேரந்தான் குடுப்பாங்க. அதுவும் கீறலுக்குத் தாங்காது. தண்ணி ஊத்திக் கழுவுங்க... வருஷத்துக்கு ரெண்டு தபா மெழுகு போடுங்க. அதுக்கு மேல தண்டம்.”

அவன் பார்வை ஒரு கணம் தாழ்ந்தது. தன்னுடைய பழைய செருப்பைத்தான் அவன் பார்க்கிறான் என்று ஜானட்டுக்குத் தோன்றியது. சுருக்கென்றது.

“எங்களைப் பாத்தா வசதி இல்லாதவங்க மாதிரி இருக்கா?”

அவன் ஈரத்துணியைப் பிழிந்தபடி விலகி நின்றான். அது அவளை இன்னும் சீண்டியது. மலிகா திரும்பி வந்ததும் ஒரே வீச்சில் கையெழுத்துப் போட்டாள்.

அந்த நேரத்தில் அவள் அப்பா இன்னாசி, அங்கே நிறுத்தியிருந்த கருநீலக் காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேமித்து ஜானட் வாங்கிய வண்டி. உண்மையில் அவள் வாங்க நினைத்தது வண்டியை அல்ல... அப்பாவின் காலைகளை. அம்மா ஃப்ளோரன்ஸ் இறந்துபோன இந்த இரண்டு வருடங்களாக, பத்து மணி ஆனாலும் அவர் சுவரைப் பார்த்தே படுத்திருப்பார்.

வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்.

காலை ஆறு மணிக்கு வாசலில் சீழ்க்கைச் சத்தம். ஜானட் எட்டிப் பார்த்தாள். குளித்து, தலை சீவி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னாசி நின்றிருந்தார். கையில் டீசலில் நனைத்த துணி!

துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். டூட்டி முடிந்ததும் இயந்திரத்தை டீசல் துணியால் துடைத்துவிட்டுத்தான் இறங்குவார். அந்தப் பழக்கத்தில் மூன்று நாளாக வண்டியைத் தேய்த்திருக்கிறார்.

“இன்னாம்மா பாக்குற? பளபளன்னு கீதா?”

“சூப்பரா இருக்கு டாடி...”

வெயில் ஏறியதும்தான் தெரிந்தது. பானட் முழுக்க சிலந்தி வலைபோல நுண்ணிய கீறல்கள். கண்ணாடி போடாத அவர் கண்ணுக்கு அவை தெரியவில்லை. இன்னும்.

அன்றே ஷோரூமுக்கு ஓடினாள். “கீறலுக்கு கேரன்டி கிடையாது மேடம்... தாள்லயே போட்டிருக்கே” என்றாள் மலிகா.

ஷோரூமின் பின்பக்கம், தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தான் வெற்றி. ‘அன்னைக்கே சொன்னேனே’ என்பான்... ஜானட் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. குழாயை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“திமிர்ல போட்டுட்டேன்...” அவள் குரல் உடைந்தது. “வண்டி போனாக்கூடப் பரவாயில்ல. தன்னாலதான்னு டாடிக்குத் தெரிஞ்சா இனிமே அதைத் தொடவே மாட்டார். காலையில எழுந்திரிக்கவும் மாட்டார்.”

அவன் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

“ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பீங்களா?”

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் திரும்பியபோது, வாசலில் பக்கெட்டும் பாலிஷ் டப்பாவுமாக அவன் நின்றிருந்தான். ஆனால் கோயிலுக்குப் போட்ட மூக்குக்கண்ணாடியை இன்னாசி இன்னும் கழற்றவில்லை. நேராக வண்டியிடம் போனார். குனிந்தார். நிமிர வெகு நேரமாயிற்று.

“நைனா... உள்ளத சொல்லு. நான் தொடச்சதாலதான் இப்டி ஆச்சா?”

வெற்றி பானட்டின் மேல் விரலை ஓட்டினான். ஓட்டிக்கொண்டே இருந்தான்...

“ரெண்டு பேருந்தான் அங்கிள். சரியா கழுவாம பூசுனது நான். துணில தூசி சிக்கி இழுத்தது நீங்க. மொதத் தப்பு என்னுது.”

இன்னாசி அவனையே பார்த்தார்.

“உங்க கை நல்ல கைதான் அங்கிள்... துணியத்தான் மாத்தணும். நீங்க தண்ணி ஊத்துங்க, நான் தேய்க்கிறேன்.”

“வின்ச்சு தாங்குச்சுப்பா! இது இன்னா, கொழந்த தோலு கணக்கா கீது?” என்றபடி இன்னாசி பக்கெட்டைத் தூக்கினார்.

மதியம்வரை தேய்த்தான். வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல். கீறல்கள் ஒவ்வொன்றாக மங்கின.

“அப்போ நான் கையெழுத்துப் போட்ட கோட்டிங்?” என்றாள் ஜானட்.

“தேய்ச்சதுல அதுவும் சேந்து போச்சு மேடம்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

“நாளைக்கு ஆறு மணிக்கு நானே கழுவிப்புடுறேன்” என்று சொல்லிக்கொண்டே இன்னாசி உள்ளே போனார். நாளைக்கு... அந்தச் சொல்லில் ஜானட்டின் கண்கள் நிறைந்தன.

வெற்றி சொல்லாமல் கொள்ளாமல் தெருமுனைவரை போய்விட்டிருந்தான். ஓடினாள்.

“நன்றி சொல்லத்தான் வந்தேன்...” மூச்சு வாங்கியது. “ஆனா அது பத்தல. பொய்யும் சொல்லாம, எங்கப்பாவையும் தலைகுனிய விடாம... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு வெற்றி.”

அவன் பக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டான்.

“நான் கொருக்குப்பேட்ட... ஒத்த ரூமு. உங்க சாமி வேற, எங்க சாமி வேற. வூட்ல ஒத்துப்பாங்களா?”

“வீட்ல இருக்கறது ஒரே ஒருத்தர். அவர் இப்போ உங்களுக்காக மீன் குழம்பைச் சூடு பண்ணிட்டிருக்கார்.”

தூறல் விழுந்தது. அவன் இமையில் ஒரு துளி நின்றது. அதைத் துடைக்காமலே அவளைப் பார்த்தான்.

“எனக்கும் ஆசதான்... ஜானட்” என்றான், அந்தப் பெயரைப் பத்திரமாக எடுத்து வைப்பவன்போல. பிறகு, அவளோடு வீட்டை நோக்கித் திரும்பி நடந்தான்.